கட்டில் காலில் ஒரு தடம்

மெத்தையைத் தூக்கிவிட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் சங்கரியின் விரல் அந்தப் பள்ளத்தில் இறங்கியது. ஈட்டி மரக் கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டிலும், மெத்தை மட்டத்தில், மரத்தைச் சுற்றி வழவழவென்று ஒரு தடம். கொசுவலை கட்டிய கயிறு என்றால் மேலே நீண்ட கம்பின் உச்சியில் அல்லவா தேய்ந்திருக்கும்?

வாங்கும்போது அவள் எதையும் விடவில்லை. பழம்பொருள் வாங்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று தொண்ணூற்றேழில் கல்பாக்கம் குடியிருப்பு முழுக்கப் பேச்சு. சதுரங்கப்பட்டினத்தில் கண்ணாயிரத்தின் கடையில் கட்டிலைக் கவிழ்க்கச் சொன்னாள். திருகாணியா மர ஆணியா என்று தடவினாள். மூலைகளில் பூச்சி அரித்த தூள் உதிர்கிறதா என்று தட்டினாள். வெடிப்பை மறைக்கப் பாலிஷ் அடித்திருக்கிறார்களா என்று முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"இன்னா மேடம், பொண்ணு பாக்க வந்தா மாரி பாத்துகினு கீறீங்க," என்றார் கண்ணாயிரம்.

யார் வீட்டுக் கட்டில் என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

அதன்பின் மத்தியானங்களில், கணவன் கிரிதர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், மூடிய படுக்கையறையிலிருந்து டெட்டால் வாசனையும் அதற்கடியில் புளித்த கஞ்சியும் மூத்திரமும் கலந்த நெடியும் மெல்லக் கசிந்து வந்தன. கடற்காற்றில் ஜன்னல் அதிரும் சத்தத்துக்கு நடுவே துணி மரத்தில் உரசும் சத்தம் கேட்டது, சமையலறையில் அவள் கரண்டியைக் கீழே வைத்ததும் அதுவும் நின்றது.

"உப்புக்காத்துல மரம் அப்படித்தான் முனகும்," என்றான் கிரிதர். அவனுக்குக் கட்டில் பிடித்துப் போயிற்று. இப்போதெல்லாம் அவள் படுத்ததும் போர்வையை இழுத்துவிட்டு, ஓரங்களை மெத்தைக்கடியில் செருகினான். நாளுக்கு நாள் இறுக்கமாக.

அவள் கண்ணாயிரத்திடம் போனாள்.

"அது கருங்குழி டீச்சரம்மா கட்டிலு. புத்தி பேதலிச்சுப் போச்சு அவங்களுக்கு. ஏழு வருசம் கட்டியே வெச்சிருந்தாரு வூட்டுக்காரரு. சாவுற வரைக்கும் அவரேதான் ஊட்டி வுட்டாரு."

"புத்தி பேதலிச்சுதுன்னு யார் சொன்னா?"

அவர் சற்று யோசித்தார். "வூட்டுக்காரருதான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க மரத்தப் பத்திதான கேட்டீங்க." மறுநாள் டெம்போ கொண்டுவந்து கட்டிலைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்.

அன்றிரவு அவள் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டாள். கிரிதர் மறுநாள் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தான். டெம்போவை எதிர்பார்த்து, மத்தியானப் புழுக்கத்தில் அதே பாயில் சற்றுக் கண்ணயர்ந்தாள்.

விழித்தபோது முதுகுக்கடியில் பாய் இல்லை.

மேலே படுக்கையறை மின்விசிறி. டெட்டால் நெடி. கையைத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை. மணிக்கட்டில் கிழித்த புடவைத் துணி. அவளுடைய புடவைதான்.

வாசலில் பேச்சுக் குரல்.

"கட்டில் இருக்கட்டும் அண்ணே. அவங்களுக்கு முடியல. என்னென்னவோ பேசறாங்க."

"அடப் பாவமே. நல்லா பாத்துக்குங்க சார்."

"கண்ணாயிரம்!" என்று கத்தினாள். அவள் குரல் இல்லை அது. வயதான, கரகரத்த, வேறு யாருடையதோ.

டெம்போ கிளம்பியது. சத்தம் தேய்ந்தது.

கதவு திறந்தது. கிரிதர் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பொறுமையான முகம். கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊதினான்.

"வாயைத் தொறங்க டீச்சர்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் கோபப்படவில்லை. இரண்டு விரலால் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, கரண்டியை உதட்டருகே வைத்து, சிரித்தபடி காத்திருந்தான்.