கேட்க ஆளில்லாத அறை

"குரல் எந்தக் காதுல கேட்டுச்சு? வலதா, இடதா?"

"காதுல இல்லீங்க. தொண்டையில."

"அப்போ அது கேக்கறது இல்லம்மா, பேசறது," என்றார் பல் டாக்டர், பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டவர்போல. பக்கத்தில் மரக்கடைக்காரர் தலையாட்டினார். எதற்கும் தலையாட்டுவார், குழுவில் அவரைச் சேர்த்ததே அதற்காகத்தான்.

எங்கள் சபையில் யாருக்காவது வாக்கு வந்தால், அது மேலிருந்து வந்ததா, வெறும் வயிற்றுக்கோளாறா என்று தீர்ப்புச் சொல்வது இந்த இருவரின் வேலை. தெய்வமே பேச நினைத்தாலும் முதலில் இவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். சபைக்கூடத்தின் மாடியில், மத்தியான வெயில் மேசைமேல் விழுந்து கிடக்க, என் அக்கா அவர்கள் முன்னால் நின்றிருந்தாள். பொய் என்று தீர்ப்பானால் அவளைச் சபையிலிருந்து விலக்கிவிடுவார்கள். அதன்பிறகு அவள் புருஷன், என் மாமாகூட அவளோடு பேசக் கூடாது. மாமா வரவில்லை. வேலை இருக்கிறதாம்.

"அப்படி என்னதான் சொல்லுது?"

அக்கா தயங்கினாள். "'மூச்சு முட்டுது'ன்னு சொல்லுது."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"தெய்வத்துக்கு நுரையீரல் ஏதும்மா? வாக்குன்னா ஒரு கம்பீரம் வேண்டாமா? ஒரு எச்சரிக்கை, ஒரு ஆசி... இது ஆஸ்பத்திரி வாசல்ல கேக்கற பேச்சு மாதிரில்ல இருக்கு!" என்றார் பல் டாக்டர்.

"நான் எழுதிக் கொடுத்துப் பேச வைக்கலீங்க," என்றாள் அக்கா. மருந்துக்கடையில் நாள் முழுக்க சண்டைக்காரர்களைச் சமாளிக்கிற வாய்.

"சரி, அறைக்குள்ள வெச்சுப் பார்த்துடுவோம்."

கூடத்தின் கோடியில் ஜன்னலில்லாத சின்ன அறை. கதவின் உட்புறக் கைப்பிடியைக் கழற்றியிருந்தார்கள். கேட்க ஆள் இருந்தால் மனிதன் நடிப்பான், ஆளே இல்லாதபோது வருவதுதான் மெய்வாக்கு என்பது குழுவின் சித்தாந்தம். ஆகவே வாக்கு வந்தவரை உள்ளே வைத்துத் தாழிட்டுவிட்டு எல்லோரும் கீழே போய்விடுவார்கள். மாடியில் ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது.

"யாருமே கேக்கலைன்னா, வாக்கு வந்துச்சா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

பல் டாக்டர் என்னைச் சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "தம்பி நிறையப் புத்தகம் படிக்கறவரோ?"

அக்காவின் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "மூஞ்சியை அப்படி வெச்சுக்காதடா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

கீழே தேநீர் வந்தது.

"இதுக்கு முன்னாடி யாரை வெச்சீங்க?"

"தையல்காரம்மாவை," என்றார் மரக்கடைக்காரர், பிஸ்கட்டை நனைத்தபடி. "பாவம், மூச்சிழுப்பு இருந்திருக்கு. உறிஞ்சற மருந்து பையில. பை எங்ககிட்ட. கதவைத் திறந்தா, முடிஞ்சுபோச்சு."

"கத்தியிருப்பாங்களே!"

"கத்தியிருக்கலாம். நாங்க கேக்கக் கூடாதே."

"தீர்ப்பு?"

"நிலுவையில இருக்கு," என்றார் பல் டாக்டர். "சாட்சி இல்லாம எப்படிச் சொல்றது?"

மூச்சு முட்டுது.

கோப்பையைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். சோதனை கெட்டுவிடும் என்று கத்திக்கொண்டே இருவரும் பின்னால் வந்தார்கள்.

கூடம் முழுக்க வெயில். ஆனாலும் பாதத்தில் குளிர் ஏறியது. தையல் மெஷின் எண்ணெயின் வாடை அடித்தது.

அறைக்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று அக்காவின் குரல். "ம்... அப்புறம்?" என்று கதை கேட்பவள்போல.

இன்னொரு குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் விசிலடிப்பதுபோல் மூச்சை இழுத்தது.

மூன்று பேருக்குமே கேட்டது.

தாழை இழுத்தேன். அக்கா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே வெறும் சுவர். அவள் மணிக்கட்டில் யாரோ இறுக்கிப் பிடித்திருந்த விரல்களின் வெள்ளைத் தடம்; அதில் மெல்ல ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏன்டா நடுவுல வந்தே?" என்றாள். "இப்பத்தான் சொல்ல ஆரம்பிச்சாங்க."

அவளை வெளியே இழுத்தேன். பல் டாக்டரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அப்போதும் சட்டத்தை விடவில்லை.

"உள்ள இவ கேட்டுட்டிருந்திருக்கா. வெளிய நாமளும் கேட்டுட்டோம். ஆகவே இது செல்லாது. பொய்."

"விலக்கிக்கோங்க சார்," என்றாள் அக்கா. "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் அவசர அவசரமாகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

யாருமில்லாத அறைக்கு.

மூச்சை இழுக்கும் சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் நெருங்கி வந்து நின்றது.

"ஐயா," என்றது, மிகவும் மரியாதையாக. "என் பொண்ணு வெளியூர்ல ஹாஸ்டல்ல படிக்குது. நான் எப்படிப் போனேன்னு அதுக்கு இன்னும் யாரும் சொல்லல. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லிடறீங்களா?"