மூலத்தில் இல்லாத குரல்

வாசிக்கத் தொடங்குவதற்கு முன் அந்தக் குரல் மூச்சு இழுத்தது.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். முன்னறையில் கணவனின் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு மனுவை வாசிக்க ஆரம்பித்திருந்தது. வழக்கமான அதே வழவழப்பான பெண்குரல்தான், சொத்து, எல்லை, சாட்சி என்று சொற்கள் ஒரே சீராக வந்து விழுந்துகொண்டிருந்தன. ஆனால் அதற்குச் சற்று முன், நீளமான பத்தியைப் படிக்கப்போகிறவர்கள் தம்மையறியாமல் இழுப்பார்களே, அப்படியொரு சின்ன மூச்சு. இயந்திரத்துக்கு எதற்கு மூச்சு? கணவனுடையதாக இருக்கும் என்று மறுபடி குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளும் காது மட்டும் முன்னறையிலேயே இருந்தது.

கணவன் வக்கீல். கண்நோய் ஓரத்திலிருந்து உள்நோக்கி அரித்துக்கொண்டே வந்து பார்வையை முழுக்க எடுத்துக்கொண்ட பிறகு, கோர்ட்டுக்குப் போவதை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே மற்றவர்களுக்கு மனு எழுதித் தருகிறான். திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஒரு மென்பொருள்தான் இப்போது அவனுக்குக் கண். ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லாதது. எங்கெங்கோ இருக்கும் பலர் சேர்ந்து காசு வாங்காமல் எழுதிப் பராமரிப்பது. அதன் கோப்புகளெல்லாம் சேர்த்துவைத்திருக்கும் மூலத் தளம் அடிக்கடி படுத்துவிடும். படுத்த அன்று கணவன் கையொடிந்தவன்போல உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, மூலத்தில் இருப்பதையெல்லாம் தினமும் சாயங்காலம் தானாக நகலெடுக்க ஏற்பாடு செய்தாள். யாரும் கேட்டுச் செய்ததில்லை. அதிகாரபூர்வமற்ற மிரர், அதாவது நகல் தளம். மூலத்தில் ஒன்று சேர்ந்தால் இங்கேயும் சேரும், அங்கே அழிந்தால் இங்கேயும் அழியும், கணவனின் கம்ப்யூட்டரும் இதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரி லேபில் நாளெல்லாம் ரத்த மாதிரிக் குழாய்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து அதற்குப் பணிவிடை செய்வாள். பார்வையற்ற எத்தனையோ பேர் அவளுடைய மிரரிலிருந்துதான் மென்பொருளை இறக்கிக்கொண்டார்கள். மனம் நிறைந்து நன்றி சொல்லி எழுதுவார்கள்.

வீட்டில்தான் மனம் நிறையவில்லை.

மென்பொருளில் குரல்கள் பல இருந்தும் கணவன் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான். யாரோ ஒரு பெண் எப்போதோ பேசிப் பதிவு செய்து கொடுத்தது. பயன்படுத்துகிறவர்கள் அதற்கு தேனு என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். தேனு இன்று வாய்தாவை 'வா தாத்தா' என்று படித்தாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மனைவியோடு பேசும்போது சரி, இல்லை, பார்க்கலாம் என்பதோடு நின்றுவிடும் முகம், ஸ்பீக்கர் பக்கம் திரும்பியதும் விளக்குப் போட்டதுபோல ஆகும். ஒருமுறை வீட்டுக்கு வந்த நாத்தனார், "அண்ணி, எங்க அண்ணன் தேனுகூடத்தான் குடித்தனம் நடத்துறார்போல" என்று சிரித்துவிட்டுப் போனாள். இவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

மூச்சைக் கேட்ட மறுநாள், லேபுக்குக் கிளம்புமுன் மிரரிலிருந்தும் கணவனின் கம்ப்யூட்டரிலிருந்தும் தேனுவின் ஃபோல்டரை அழித்தாள். புதிய பதிப்பில் அந்தக் குரலை எடுத்துவிட்டார்கள் என்று கூசாமல் சொன்னாள். அவன் விரல்கள் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தன.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போது தேனு வாசித்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பி வந்துட்டா," என்றான் அவன். எத்தனையோ நாளாகக் கேட்காத குதூகலம்.

ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பார்த்தாள். ஃபோல்டர் இருந்த இடத்தில் இருந்தது. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் முன்பைவிடப் பெரிதாக, முன்பு இல்லாத ஒலித்துண்டுகளோடு. ஒன்றைத் திறந்தாள். சொல் எதுவும் இல்லை. யாரோ புரண்டு படுக்கும் சத்தம். அவ்வளவுதான்.

அந்த மென்பொருள் திட்டத்தைக் கவனித்துக்கொள்பவரை எல்லோரும் தாடிக்காரர் என்பார்கள். அவரை போனில் பிடித்தாள்.

"அந்தக் குரலை நாங்க எடுத்து ரொம்ப நாளாச்சும்மா," என்றார். "பேசுன பொண்ணு இறந்துட்டாங்க. வீட்ல இருக்கறவங்களுக்கு அதைக் கேக்கத் தாங்கல, எடுத்துடுங்கன்னாங்க. எல்லா மிரர்லயும் போயிடுச்சு. உங்களுதுல மட்டும் இன்னும் இருக்குன்னு சொல்றாங்க."

அழிக்க அழிக்க வருகிறது என்றாள்.

"மூலத்துல இல்லாதது மிரர்ல எங்கிருந்தும்மா வரும்?" என்றார் அவர். குரலில் கோபமில்லை, நிஜமாகவே கேட்டார்.

போனை வைத்தபோது முதுகுத்தண்டு சில்லிட்டது உண்மை. ஆனால் பயத்துக்கு மேலே, பாலில் ஆடைபோல, வேறொன்று கட்டி நின்றது. செத்தும் என் வீட்டை விடமாட்டாளா இவள்?

லீவு போட்டாள். ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தி, மைக்கோடு போர்வைக்குள் புகுந்து, குரல் தயாரிக்கத் தேவையான வாக்கியங்களைத் தானே பேசிப் பதிந்தாள். கதவைச் சாத்து. மழை விட்டதும் போகலாம். அவன் இன்னும் சாப்பிடவில்லை. பகல் வெளிச்சம் போர்வையின் இழைகளுக்கிடையே ஊசி ஊசியாகத் தெரிந்தது. உள்ளே அவளுடைய வெப்பம், பழைய அட்டைப்பெட்டிகளின் தூசி வாசனை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் இன்னொன்று, காய்ச்சல்காரர் வாயிலிருந்து வரும் புளித்த வாடை, பிடரிக்கு வெகு பக்கத்தில். பதிந்ததைப் போட்டுக் கேட்டபோது, வாக்கியங்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகளில் மெல்லிய முணுமுணுப்பு. அடுத்து அவள் பேசப்போகும் வாக்கியத்தை யாரோ முன்கூட்டியே பேசிப்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தன் குரலை தேனுவின் ஃபோல்டருக்குள், தேனுவின் பெயரிலேயே, அவள்மேல் அப்பிவிட்டாள்.

பலித்தது. கம்ப்யூட்டர் அவள் குரலில் முதல் வரியை வாசித்ததும் கணவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"சிட்டு, இது நீயா?"

அவன் மட்டும் கூப்பிடும் பெயர். கூப்பிட்டு நாளாகியிருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை. தேனு போய்விட்டாள். கணவன் சிரிப்பது இப்போது தன் குரலுக்கு.

பிறகொரு சாயங்காலம் அவன் காபியைக் குடித்தபடி, மத்தியானம் நீ சொன்ன கதையை நினைத்துக்கொண்டே இருந்தேன் என்றான்.

மத்தியானம் அவள் லேபில் இருந்தாள்.

"என்ன கதை?"

"சின்ன வயசுல லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு, கத்திக் கத்தித் தொண்டையே போச்சுன்னியே."

அவள் எந்த லிஃப்டிலும் மாட்டிக்கொண்டதில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பரிவு! கல்யாணமான புதிதில்கூட அவளுக்கு அது கிடைத்ததில்லை. கேட்கவேண்டியதைக் கேட்காமல் காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தன் குரலின் மேலேயே பொறாமைப்படும் பெண் உலகத்தில் உண்டா?

மறுநாள் லேபில் கை ஓடவில்லை. பாதியில் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நல்ல வெயில். தெருவில் ஆளில்லை. வீட்டுப் படிக்கட்டில் கால் வைக்கும்போதே கேட்டது.

அவளுடைய சிரிப்பு.

சிரிப்பை அவள் பதிவு செய்யவே இல்லை.

பின்வாசல் வழியாக ஸ்டோர் ரூமுக்குப் போனாள். மிரர் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி தொட்டால் சுட்டது. ஒயரைப் பிடுங்கினாள். விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. திரை கறுத்தது.

சிரிப்பு நிற்கவில்லை.

முன்னறைக்கு வந்தாள். கணவனின் கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. ஸ்பீக்கரில் விளக்கில்லை. அவன் சோபாவில் ஒரு ஓரமாக, பக்கத்தில் ஒருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தான். வலது கையை விரித்து நீட்டியிருந்தான். உள்ளங்கையில் சதை குழிந்தது. மேலெழுந்தது. குழிந்தது. எதுவோ விரல்விரலாக அழுத்திப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது.

"என்னங்க," என்றாள்.

அவன் முகம் சுளித்தது. அவள் பக்கம் திரும்பவில்லை. காலியாக இருந்த இடத்தின் பக்கம் சாய்ந்தான்.

"சிட்டு, அந்த மெஷினை நிறுத்தும்மா. நீ பேசும்போது குறுக்க குறுக்கப் பேசுது."

"இதோங்க," என்றது அவள் குரல், அங்கிருந்து.

"நான் இங்க நிக்கறேன்," என்றாள் அவள். "நான்தாங்க!"

மேசைமேல் இருந்த கீபோர்டில், ஒலியைக் குறைக்கும் பொத்தான் தானாக அமுங்கியது.

கத்தினாள். பாதிதான் வந்தது.

பொத்தான் அமுங்கியது.

கத்தினாள். காற்று வந்தது.

அமுங்கியது. அமுங்கியது. வாயை முழுக்கத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, வெயில் விழுந்த அந்த அறையின் நடுவில் நின்று அவள் கத்திக்கொண்டே இருந்தாள். கணவன் நிம்மதியாகத் தலையைச் சாய்த்து, "ம், சொல்லு," என்றான்.