இரண்டாவது பிராட்டா

சனிக்கிழமை என்றால் மிரண்டாவுக்குக் காலை ஐந்தரைக்கே தானாக விழிப்பு வந்துவிடும். பள்ளி நாளில் மட்டும் அம்மா பிரிஜட் ஐந்து முறை கத்த வேண்டும். அது வேறு விஷயம்!

ஐந்தரைக்கு எழுந்தால்தான் அப்பாவோடு வீட்டுக்குப் பக்கத்தில் சுவா சூ காங்கில் ரயிலேறி, ஜாலான் புசார் பக்கம் இருக்கும் கோப்பிக் கடைக்குப் போக முடியும். அங்கேதான் அப்பா அருளானந்தம் பிராட்டா போடுவார். அவர் மாவை வீசினால் அது காற்றில் விரிந்து, மேடையில் ‘படார்’ என்று விழும். வரிசையில் நிற்பவர்கள் கைபேசியை மறந்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். மிரண்டாவுக்கு ஓரத்து மேசை, ஒரு குவளை மைலோ, மொறுமொறுவென்று ஒரு பிராட்டா. ஆஹா, அதெல்லாம் என்ன நாட்கள்!

நான்கு மாதமாக அந்தச் சனிக்கிழமை வரவே இல்லை. கடையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததில் அப்பாவின் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. “இன்னும் ஆறு மாதம் இந்த வேலை கூடாது. மீறினால் கை சரியாகவே ஆகாது” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அன்றும் ஒரு சனிக்கிழமை; காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பினார்.

“பத்து மணிக்குக் காப்புறுதி ஆபீஸ்லேர்ந்து ஆள் வர்றாங்க. கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.”

“வீட்டுல உக்காந்துகிட்டுச் சும்மா காசு வாங்கணுமா? வெக்கமா இருக்கு லா,” என்றார் அப்பா.

“சும்மாவா? ஏழு வருஷமா மாசாமாசம் கட்டியிருக்கோம். வேலை செய்ய முடியாம போனா, சம்பளத்துல ஒரு பகுதியை மாசாமாசம் தர்றோம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அது கிடைக்கலன்னா நீங்க அடுத்த வாரமே கடைக்கு ஓடிடுவீங்க. அப்புறம் அந்தக் கை என்ன ஆகும்?”

அப்பா ஓடத்தான் செய்வார் என்று மிரண்டாவுக்கும் தெரியும்.

சரியாகப் பத்து மணிக்கு இன்சூரன்ஸ்காரர் அகிலன் வந்தார். இளைஞர், சிரித்த முகம், கையில் ஒரு படிவம்.

“கை எப்படி இருக்கு அங்கிள்?”

“கேன் லா! எல்லாம் கேன்!”

போச்சுடா! எதற்கும் ‘முடியும்’ என்று சொல்வது அப்பாவின் வாய்ப்பழக்கம். மின்தூக்கி பழுதாகிப் பன்னிரண்டு மாடி ஏறச் சொன்னாலும் “கேன் லா” என்றுதான் சொல்வார்.

“சட்டைக்குப் பட்டன் போட முடியுதா?”

“கேன், கேன்.”

காலையில் பட்டன் போட்டுவிட்டதே மிரண்டாதான்! அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

“தம்பி, காலையில சாப்பிட்டீங்களா? இல்லையா? அது எப்படி லா! நம்ம வீட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போறதா?”

“அய்யோ, வேண்டாம் அங்கிள்…”

யார் கேட்டார்கள்? அம்மா மத்தியானத்துக்காக மாவை உருண்டை பிடித்து எண்ணெயில் ஊற வைத்திருந்தார். அப்பா ஓர் உருண்டையை எடுத்துத் தட்டினார், இழுத்தார், வீசினார். அப்படியே பழைய அப்பா! அந்த ஒரு நிமிடம் மிரண்டா எல்லாவற்றையும் மறந்து கை தட்டிவிட்டாள்.

அகிலன் சூடான பிராட்டாவைச் சாப்பிட்டார். “சூப்பர் அங்கிள்! இவ்வளவு நல்லா வீசுறீங்களே. அப்போ வேலைக்குப் போகலாம் போல?” என்று பேனாவை எடுத்தார்.

மிரண்டா அப்பாவைப் பார்த்தாள். அவர் நெற்றியெல்லாம் வேர்வை. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அவளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

“அப்பா, எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க.”

மகள் கேட்டு அப்பா எப்போது மறுத்திருக்கிறார்? இரண்டாவது உருண்டையை எடுத்தார். தட்டுவதற்குள் முகம் சுருங்கியது. தூக்கி வீசப் போனார். விரல்கள் மூடவே இல்லை. மாவு தரையில் விழுந்தது.

“ஸாரிப்பா,” மிரண்டா விம்மினாள். “வேணும்னுதான் கேட்டேன். நீங்க எல்லாத்துக்கும் கேன், கேன்னு சொல்றீங்க. ஒண்ணுதான் போட முடியும். அப்புறம் ராத்திரியெல்லாம் வலிக்கும். எனக்கு உங்க கை வேணும்பா!”

அப்பா தரையிலிருந்த மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எழுதிக்குங்க தம்பி,” என்றார் மெதுவாக. “முடியல. நாலு மாசமா முடியல. சொல்ல வாய் வரல.”

அகிலன் பேனாவைக் கீழே வைத்தார்.

“அங்கிள், கடையில ஒரு நாளைக்கு எத்தனை போடுவீங்க?”

“முந்நூறு இருக்கும். சனி, ஞாயிறுன்னா நானூறு.”

“அப்போ அதுதான் உங்க வேலை. ஒரே ஒரு பிராட்டா போடுறது வேலை இல்ல. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். முதல்லேர்ந்து கேக்கறேன். வலிக்குதா, எவ்வளவு நேரம் வலிக்குது, எல்லாத்தையும் சொல்லுங்க.”

அகிலன் ஒவ்வொன்றாகக் கேட்டார். பட்டன் கேள்வி வந்தபோது அப்பா தயங்கி, “அது… இவதான் போட்டுவிடுறா,” என்றார். மூவரும் சிரித்துவிட்டார்கள். டாக்டர் கடிதத்தோடு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அகிலன் கிளம்பினார்.

அப்பா குனிந்து மாவைத் துடைக்கப் போனார். மிரண்டா துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“என் மேல கோபமாப்பா?”

“உன் மேலயா? இல்லடா கண்ணு.” அப்பா இடது கையால் அவளை அணைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அப்பா வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லும்வரை, மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பகுதி வரும் என்று அதில் இருந்தது. அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அப்பா இரண்டு முறை படித்தார். பிறகு கடை முதலாளிக்குத் தானே போன் போட்டார்.

“பாஸ், இப்ப என்னால முடியாது லா. டாக்டர் சொன்னதுக்கு அப்புறம்தான் வருவேன்.”

‘முடியாது’ என்ற சொல்லை இவ்வளவு கம்பீரமாக யாரும் சொல்லி மிரண்டா கேட்டதே இல்லை.