தொடை எலும்பைத் தூக்கியவர்

காலை 8.50. அகழாய்வுக் கூடத்தில், ஏழாம் எண் தட்டில் தொடை எலும்பைக் காணவில்லை.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எரித்து, மண்கலத்தில் இட்டுப் புதைத்த கைக்குழந்தையின் எலும்புகள் அந்தத் தட்டில் இருந்தன. நானூறு சில்லுகளில் முழுசாகத் தப்பியது ஆள்காட்டி விரல் நீளத்துத் தொடை எலும்பு ஒன்றுதான். அதே தட்டில் கிடந்த தங்க மணியை யாரும் தொடவில்லை.

"சாவி உன்கிட்டதானே இருந்துச்சு?" என்றார் இயக்குநர்.

கேள்வி சல்லடை அக்காவுக்கு. பதினோரு வருடமாகக் கலங்களின் மண்ணைக் கழுவிச் சலிக்கிறவள். அவள் சம்பளத்தில்தான் இரண்டு பெண்கள் படிக்கிறார்கள்.

"பத்து மணிக்குள்ள எலும்பு வரலைன்னா நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருடம் பல் பிடுங்கி, ஜனங்களின் அலறல் அலுத்துப்போய், அலறாதவர்களின் எலும்பைப் பார்க்க வந்தவர் அவர். குழந்தை இறந்தபோது அதற்கு இரண்டு மாதம் என்று நேற்றுக் கூட்டத்தில் அடித்துச் சொன்னவரும் அவர்தான். அந்தக் கலம் கிடைத்த இடுகாட்டின் குழந்தைகள் எல்லாமே செத்துப் பிறந்தவை என்று இருபது வருடமாக எழுதிவரும் பேராசிரியர், காரணத்தைக் கேட்காமல் அப்போதே எழுந்து போய்விட்டார்.

"பத்து மணி வரைக்கும் எனக்குக் குடுங்க சார்" என்றார் டாக்டரம்மா.

9.05. சல்லடை அக்கா.

"எட்டு மணிக்குத் தொறந்தேன். எட்டு இருபதுக்குச் சல்லடை கழுவப் பின்கட்டுக் குழாய்க்குப் போனேன். வர எட்டு நாப்பது ஆச்சு."

"கதவு?"

"பூட்டலை. என் தப்புதான்."

9.15. புகைப்படக்காரர்.

"எட்டு இருபத்தஞ்சுக்குப் படமெடுக்குற விளக்கை வெச்சுட்டு உடனே போயிட்டேன்."

"தட்டைப் பாத்தீங்களா?"

"அதை எதுக்குப் பாக்கணும்? நேத்தே படமெல்லாம் எடுத்து, உங்க அறிக்கையைப் படிச்சுப் படிச்சு அந்தந்தப் பக்கத்துல ஒட்டியாச்சே."

9.25. பேராசிரியர். எப்போதும் கூட்டுக்குள் பத்திரமாக வைக்கிற மூக்குக்கண்ணாடி இன்று சட்டைப்பையில் துருத்திக்கொண்டு நின்றது.

"எட்டரைக்கு வந்தேன். நேத்து நீங்க குடுத்தனுப்பின அறிக்கையை மேசையில வெச்சேன். கிளம்பிட்டேன்."

"படிச்சீங்களா சார்?"

"வரி விடாம. கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேனே."

எழுதியிருந்தார். 'முழுவதும் படித்தேன். உடன்பாடில்லை.' கீழே வளைந்து நெளிந்து ஒரு கையெழுத்து.

9.45. எல்லோரையும் தட்டைச் சுற்றி நிற்கவைத்தார் டாக்டரம்மா.

"சார், அறிக்கையில எந்த இடம் உங்களுக்கு உடன்பாடில்லை?"

"இதென்ன கேள்வி? தொடை எலும்ப அளந்து ரெண்டு மாசம்னு போட்டிருக்கீங்களே, அந்த இடம்தான். இப்ப அந்த எலும்பும் இல்லை. ஆதாரம் போச்சுன்னா அறிக்கையும் போச்சு."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு புகைப்படக்காரரிடம் அறிக்கையை நீட்டினார். "மூணாம் பக்கம். சத்தமா படிங்க."

"'தொடை எலும்பின் நீளம் புதிதாய்ப் பிறந்த குழந்தைக்குரியதே. ஆனால் தீயில் எலும்பு சுருங்கும் என்பதால் இந்த நீளத்தை நம்ப இயலாது. வயது பற்களைக் கொண்டே கணிக்கப்பட்டது.'"

"கைக்கொழந்தைக்கு ஏது பல்லு?" என்றார் இயக்குநர்.

"தாடைக்குள்ள இருக்கும் சார். பொறக்குறதுக்கு முன்னாடியே உருவாக ஆரம்பிச்சுடும். வெளிய வந்த பல்லு நெருப்புல வெடிச்சுச் சிதறும். முளைக்காத பல்லைத் தாடை மூடிக் காப்பாத்தும். எவ்வளவு வளந்திருக்குன்னு பாத்து மாசத்தைச் சொல்லிடலாம்." இடுக்கியால் தட்டின் ஓரத்திலிருந்து அரை அரிசி அளவில் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதைச் சல்லடையில கண்டுபிடிச்சதே அக்காதான்."

"ரெண்டு மாசம்னா மொகம் பாத்துச் சிரிச்சிருக்குமே, டாக்டரம்மா" என்றாள் அவள்.

"சிரிச்சிருக்கும்."

டாக்டரம்மா அந்தப் பல்லை மெதுவாகத் தட்டில் திரும்ப வைத்தார். பிறகு எல்லோரையும் பார்த்தார்.

"காசுக்குத் திருடினவன்னா மணியை எடுத்திருப்பான். அறிக்கையைக் கெடுக்க நெனச்சவன்னா பல்லை எடுத்திருப்பான். வயசு பல்லுல இருக்குன்னு அக்காவுக்குத் தெரியும், படம் ஒட்டினவருக்கும் தெரியும். தொடை எலும்புலதான் இருக்குன்னு நம்பினவர் ஒருத்தர்தான், அறிக்கையைப் படிக்காமலே படிச்சேன்னு கையெழுத்துப் போட்டவர். உங்க கண்ணாடிக் கூடு எங்க சார்?"

பேராசிரியர் கால்சட்டைப் பையிலிருந்து கூட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே கைக்குட்டையில் சுற்றிய எலும்பு இருந்தது.

"பொறந்த கொழந்தை அளவுதான்னு உங்க பக்கம் பேசின ஒரே எலும்பு இது. அதைப் போய் நீங்களே தூக்கிட்டீங்களே, சார்."

அவர் வெளியேறினார்.

9.58. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, போய் வேலையைப் பாரு."

சல்லடை அக்கா அசையவில்லை. "எல்லார் முன்னாடியும் வர வேண்டாம்னு சொன்னீங்க, சார்."

இயக்குநர் நெளிந்தார். டாக்டரம்மாவைப் பார்த்தார், அங்கே உதவி கிடைக்கவில்லை. "தப்பு என்னோடதும்மா. மன்னிச்சுக்குங்க. நாளைக்கு வழக்கம்போல வாங்க."

"நாளைக்கு வர மாட்டேன், சார். லீவு."

"எதுக்கு?"

"இன்னிக்குப் பயந்ததுக்கு. சம்பளத்தோட."