எழுபது துடிப்பு

காலை பத்து மணி விலைப்பேச்சுக்கு முன்னால் எப்சிபா இரண்டு டம்ளர் நீர்மோர் குடித்துவிடுவாள். முகம் கழுவி, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு, ஐந்து நிமிடம் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவாள். எதிர்வீட்டு மேபெல் தன் வீட்டை விற்றபோது கண்டுபிடித்த வழி இது. அதற்குப் பிறகுதான் இடது மணிக்கட்டில் நாடிப்பட்டையைச் சுற்றுவாள். சுவர்த்திரையில் பச்சை நிறத்தில் ஓர் எண் தோன்றும். இன்று எழுபத்தாறு. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

“வணக்கம் எப்சிபா அம்மா. இது ஒன்பதாவது அமர்வு. உங்கள் வீட்டுக்குக் கரைமனை நிறுவனம் இன்று தரும் விலை தொண்ணூற்றிரண்டு லட்சம்” என்றது திரைக்குரல். தேன் தடவிய குரல். கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

“நேத்து தொண்ணூத்தஞ்சுன்னு சொன்ன. ஒரே ராத்திரில வீடு மூணு லட்சத்துக்குத் தேஞ்சிட்டாக்கும்?”

எண் எண்பத்தொன்பதுக்குத் தாவியது.

“நேற்று உங்கள் துடிப்பு நூற்றுப் பதினாறு வரை போயிற்று, அம்மா. துடிப்பு ஏறினால் விற்பவருக்கு அவசரம் என்று பொருள். விலை அதற்கேற்ப அமையும்.”

வெளிப்படை விற்பனைச் சட்டம் வந்தபோது ஊரே கைதட்டியது. எப்சிபாவும்தான் தட்டினாள். புளுகுகிற தரகர்கள் ஒழிந்தார்கள், இனி வாங்குபவரும் விற்பவரும் பட்டை கட்டிக்கொண்டு உண்மையை மட்டும் பேசுவார்கள் என்றார்கள். அவசரத்துக்கும் ஆத்திரத்துக்கும் இதயம் ஒரே மாதிரிதான் அடிக்கும் என்பது சட்டம் எழுதிய புண்ணியவான்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. அடிமாட்டு விலைக்குக் கேட்டால் கோபம் வரும். கோபம் வந்தால் விலை இறங்கும். இறங்கினால் இன்னும் கோபம் வரும். இப்படியே ஒரு கோடியே ஐந்து லட்சத்தில் தொடங்கிய பேச்சு இங்கே வந்து நிற்கிறது.

“எனக்கு எண்ணு காட்டுதியே, ஒனக்கு எங்க?”

“நான் நிறுவனத்தின் பேச்சுமுகவர், அம்மா. சட்டப்படி எனக்கும் அளவு உண்டு. பூஜ்ஜியம்.”

எப்சிபாவின் எண் நூற்று இருபதைத் தொட்டது. “போய்த் தொலை!” என்று மறுப்புப் பொத்தானை அறைந்தாள். நாளைய தொடக்க விலை எண்பத்தேழு லட்சம் என்று சொல்லிவிட்டு, நன்றி கூறி அணைந்தது திரை.

தூத்துக்குடித் தெருக்களுக்குள் கடல் வந்து பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. தரைத்தளங்களைத் தண்ணீருக்கு விட்டுவிட்டு எல்லோரும் மாடியில் வாழ்கிறார்கள். எப்சிபா வீட்டுக்கு இருபத்திரண்டு படிகள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அவள் புருஷன் ஜெபமணி இப்போது பத்தாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறான். தரைவீட்டுக்கு மாற்றாவிட்டால் ஆறு மாதம்கூடத் தாங்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பாளையங்கோட்டையில் மேட்டு நிலத்தில் ஒரு சின்னத் தரைவீடு பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு கோடியே பத்து லட்சம், ஒரு பைசா குறையாது. இந்தத் தெருவில் வீடு வாங்குவதற்குக் கரைமனையை விட்டால் வேறு ஆளும் கிடையாது. பத்தாவது அமர்விலும் விலை படியாவிட்டால் மூன்று வருடத்துக்கு வீட்டை விற்க முடியாது. அதுவும் சட்டம்தான்.

“ஏளா எப்சி, நாளைக்கி நான் உக்காருதேன்” என்றான் ஜெபமணி.

“நீங்களா? மேபெல் வீட்டு நாய் செத்ததுக்கு ரெண்டு நாள் சோறு எறங்காம கெடந்த ஆளு!”

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றி, இடது தோளுக்குக் கீழே புடைத்திருந்த வில்லையை விரலால் தட்டிக் காட்டினான். இலவச மருத்துவமனையில் வைத்த இதயமுடுக்கி. விலை உயர்ந்தவை ஆளுக்கேற்ப வேகம் மாறும். இது மாறாது. சிரித்தாலும் அழுதாலும் நிமிடத்துக்கு எழுபது.

எப்சிபா அந்த வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்பது நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

மறுநாள் பட்டை ஜெபமணியின் கையில் ஏறியது. அவனும் வீட்டுக்கு உரிமையாளன்தான் என்பதால் குரல் மறுப்பு சொல்லவில்லை. எப்சிபா அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

“எண்பத்தேழு லட்சம், ஐயா.”

“பத்தாது.”

எழுபது.

“தொண்ணூற்றாறு.”

“பத்தாதுய்யா.”

எழுபது. குரல் தன் அடுத்த வேலையைத் தொடங்கியது. வீட்டில் உள்ள குறைகளை ஒவ்வொன்றாய் எடுத்து வைத்து விற்பவனைக் குத்திப் பார்க்கும் வேலை. சுவரில் உப்பு பூத்திருக்கிறது என்றது. கைப்பிடியில் துரு என்றது. ஜெபமணி தலையாட்டினான்.

“கிழக்கு அறையில் ஒரு ஜன்னல் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்கிறது. இது கட்டுமானப் பிழை. யார் கட்டியது?”

எப்சிபா நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தாள்.

“நாந்தான்” என்றான் ஜெபமணி.

அவர்கள் மகன் செல்வின் எழுந்து உட்காராத பிள்ளை. பாயில் படுத்தபடியே கப்பல்களைப் பார்ப்பதற்காக, இருந்த ஜன்னலை அடைத்துவிட்டுத் தன் கையாலேயே சுவரை உடைத்துக் கீழே ஜன்னல் வைத்தான் ஜெபமணி. அப்பா ஓட்டும் கிரேன் எது என்று பிள்ளை அங்கிருந்தே விரல் நீட்டிச் சொல்லும். பதினோரு வயதில் அந்த ஜன்னல் ஓரமாகவே அவன் இறந்துபோனான்.

“பயனற்ற அமைப்பு. வாங்கியதும் முதல் வேலையாக அடைத்துவிடுவோம். உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?”

ஜெபமணியின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. பட்டை கட்டிய கையாலேயே அதைத் துடைத்தான். திரையில் எழுபது. குரலுக்கு அந்த எண்ணைத் தவிர வேறொன்றும் தெரியாது.

“இல்ல” என்றான்.

“விற்பவர் முழு நிதானத்தில் இருக்கிறார். நிதான விலை ஒரு கோடியே பன்னிரண்டு லட்சம்.”

“சம்மதம்.”

எப்சிபா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். தரைவீடு கிடைத்துவிட்டது, இவன் பிழைத்துக்கொள்வான் என்ற எண்ணம் ஒன்றுதான் அவளுக்கு ஓடியது. அதற்குள் குரல் பத்திரத்தின் கடைசி வரியைப் படித்தது.

“விற்பவருக்கு இந்த வீட்டின்மேல் எந்தப் பற்றும் இல்லை என்பது நாடி மூலம் அளந்து உறுதி செய்யப்பட்டது. கட்டைவிரல் வையுங்கள், ஐயா.”

ஜெபமணி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டான். “அந்த வரிய எடுத்துரும்.”

“அது அளந்த உண்மை, ஐயா. நீக்க முடியாது. விரல் வைக்க மறுத்தால் விற்பனை ரத்தாகும்.”

“எப்சி, நான் எப்படிளா இதுக்குக் கை வைப்பேன்? என் பிள்ள வீடு எனக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிருக்கான்.”

ஒன்பது நாள் குமுறியவள் அவள். வீட்டின் விலையைக் குறைத்ததற்கே கத்தித் தீர்த்தவள். இப்போது நெஞ்சுக்குள் எரிந்ததைப் பார்த்தால் அந்த ஒன்பது நாள் ஒன்றுமே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் கையைப் பிடித்தாள். மடங்கிய விரலைப் பலவந்தமாக நிமிர்த்தித் திரையில் வைத்து அழுத்தினாள்.

“வாழ்த்துகள்” என்றது குரல்.

திரை அணைந்தது. ஜெபமணி அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கிழக்கு அறையைப் பார்த்தபடி, “செல்வின் கேட்டா என்னன்னு சொல்லுவ?” என்றான்.

“அப்பனுக்குப் படி ஏற முடியல, அதான் வித்தேன்னு சொல்லுவேன்!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள் எப்சிபா. “அவன் கேக்கட்டும், நான் சொல்லிக்கிடுதேன். நீங்க அவன்ட்ட இப்பவே போயிராம இருந்தாப் போதும்.”

அவன் மணிக்கட்டிலிருந்து பட்டையை அவிழ்க்கப் பார்த்தாள். அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் கொக்கி பிடிபடவில்லை. கடைசியில் ஜெபமணியே அதைக் கழற்றினான்.