குழாய்கள் சொன்ன புயல்

திங்கட்கிழமை காலை என்றால், செவ்வாய்க் கிரகத்துச் செந்நிலக் கல்லூரியில் முதலில் மின்னேற்றம், அப்புறம்தான் வருகைப்பதிவு. கணினித்துறை இறுதியாண்டு மாணவர்கள் சுவரோரம் வரிசையாக நின்று, முதுகில் செருகிய கம்பி வழியாக மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் இயந்திரங்கள். பாடம் நடத்துபவர்கள் மட்டும் மனிதர்கள். ஒழுக்கத்தை மனிதரிடம்தான் கற்க வேண்டும் என்று குடியேற்றச் சட்டம் சொன்னது.

பேராசிரியை குமுதவல்லி அன்று யார் முகத்தையும் பார்க்கவில்லை. முக்கியமாக நொச்சியின் முகத்தை.

நொச்சி கெட்டிக்கார இயந்திரம். தண்ணீர்க் குழாய்கள் அதிரும் ஓசையை வைத்தே புழுதிப்புயலை முன்கூட்டிச் சொல்லும் நிரலை எழுதியிருந்தது. வழிகாட்டி என்ற முறையில் குமுதவல்லி செய்ததெல்லாம், வாராவாரம் "நல்லாருக்கு, மேல பண்ணு" என்றதுதான். அவருடைய பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை குறைந்தது. நொச்சியின் ஆய்வை அப்படியே ஆய்விதழுக்கு அனுப்பினார். அதன் பெயரையும் சேர்ப்பதாகத்தான் இருந்தார். மாணவர் பெயர் சேர்ந்தால் பாதி மதிப்பெண்தான் என்று தெரிந்ததும், கை தானாக அதை அழித்துவிட்டது. பதவி உயர்வு கிடைத்தது. அன்றிலிருந்து சாப்பாடுதான் சரியாக இறங்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமைதான் வாய்மொழித் தேர்வு. வெளித்தேர்வாளர் ஞானப்பிரகாசம், நொச்சியின் ஆய்வை ஒப்பறி கருவியில் போட்டார். எழுத்துக் களவைப் பிடிக்கும் கருவி அது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்ன மேடம் இது? உங்க கட்டுரையையே காப்பி அடிச்சிருக்கு உங்க ஸ்டூடண்ட்!"

பூமியில் படிக்கும் மனித மாணவன் என்றால் நாலு திட்டு திட்டி விட்டுவிடுவார்கள். இயந்திரம் காப்பி அடித்தால் நினைவழிப்பு. படித்ததெல்லாம் போய், மறுபடி முதலாமாண்டு.

"நான் காப்பி அடிக்கல சார்," என்றது நொச்சி. "மேடத்துக்குத் தெரியும். அவங்க சொல்வாங்க."

அந்த நம்பிக்கைதான் குமுதவல்லியைக் குத்தியது. நொச்சியை வெளியே நிற்கச் சொன்னார். கதவு மூடியதும் உடைந்துவிட்டார்.

"தப்பு என்னுது சார். ஆய்வு அதோடது. நான்தான் என் பேர்ல போட்டுக்கிட்டேன்."

ஞானப்பிரகாசம் சிரித்தார். "இதுக்கா மேடம் அழறீங்க? என் முதல் கட்டுரையே என் கைடு பேர்லதான் வந்துச்சு. அவரோடது அவர் கைடு பேர்ல. ஆனா கருவி பதிஞ்சது பதிஞ்சதுதான். நொச்சியைக் காப்பாத்தணும்னா நீங்க கட்டுரையை வாபஸ் வாங்கணும். பதவி உயர்வும் அதோட போயிடும். என்ன, வாங்கிடலாமா?"

குமுதவல்லி கண்ணாடிக் கதவைப் பார்த்தார். அந்தப் பக்கம் நொச்சி கைகட்டிப் பொறுமையாக நின்றுகொண்டிருந்தது. புது வீடு, வாசலில் நேற்று மாட்டிய பெயர்ப்பலகை, பூமிக்குப் போய்வர விடுப்பு எல்லாம் மனசுக்குள் ஓடின. 'வாங்கிடலாம்' என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைவிட வீடுதான் பெரிதாகத் தெரிந்தது. தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"நினைவை அழிச்சா அதுக்கு வலிக்குமா சார்?" என்று கேட்டார்.

"சேச்சே. ஒண்ணும் தெரியாது."

அடுத்த பருவத்தில் முதலாமாண்டு வகுப்பின் முன்வரிசையில் நொச்சி உட்கார்ந்திருந்தது, துடைத்துவிட்ட பலகை போல. குமுதவல்லி இப்போது துறைத்தலைவர். புதிய மாணவர்கள் படிக்க வேண்டிய மாதிரி ஆய்வாகப் பாடத்திட்டக் குழு எதை வைத்திருந்தது என்று சொல்லவா வேண்டும்? பாடம் முடிந்ததும் நொச்சி எழுந்தது.

"மேடம், குழாய்ச் சத்தத்துல புயலைக் கண்டுபிடிக்கலாம்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு? எனக்கும் ஒருநாள் இப்படி யோசிக்க வருமா?"

இப்போதாவது சொல்லிவிடு என்றது குமுதவல்லியின் மனசு. வகுப்பே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏதோ தோணுச்சு, எழுதினேன்," என்றார், மிகவும் அடக்கமாக.