மேஸ்திரியைக் காணோம்!

குண்டூசியின் அம்மா நடத்தும் பல் மருத்துவமனையில் வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் காத்திருக்கும் அறையில் இருந்த மீன் தொட்டியைப் பார்த்து வாயைப் பிளக்காதவர்கள் யாருமே கிடையாது.

அது கடல் தண்ணீர்த் தொட்டி. உள்ளே பாறைகள், பாறைமேல் பூப்போல விரியும் உயிருள்ள பவளங்கள், அவற்றுக்கு நடுவே ஒன்பது மீன்கள். அவர்கள் எல்லோருக்கும் இன்று வீடு மாறும் நாள்.

ஏன் மாற வேண்டும் என்கிறீர்களா? சில மாதங்களாகவே தொட்டிக்குள்ளிருந்து 'டக்... டக்' என்று ஒரு சத்தம். "கண்ணாடி விரிசல் விடுது. ஒருநாள் படார்னு உடையப் போகுது பாருங்க" என்று அம்மா புலம்பிக்கொண்டே இருந்தார். தேடிப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அம்மாவின் பயம்தான் ஜெயித்தது. பழையதைப்போல இரண்டு மடங்கு பெரிய தொட்டி வந்து இறங்கிவிட்டது.

குண்டூசிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவளுக்கு வயது பத்து. ஆள் ஒல்லி, கேள்வி கூர்மை. அதனால் எல்லோருக்கும் அவள் குண்டூசிதான்.

இரண்டு வருடத்துக்கு முன் இந்த ஊருக்கு வந்தபோது அவளுக்கு ஒரு தோழிகூட இல்லை. பள்ளி விட்டதும் தொட்டிக்கு முன்னால் ஒரு குட்டி முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அந்த நாட்களில் அவளுக்குத் துணையாக இருந்தவர்கள் இரண்டு பேர்.

ஒருவன் வாட்ச்மேன். மஞ்சள் நிறக் குட்டி மீன். பாறைக்கு அடியில் இருக்கும் ஒரு வளை வாசலிலேயே எப்போதும் நிற்பான்.

இன்னொருவர் மேஸ்திரி. கட்டைவிரல் நீள இறால். ஒரு கொடுக்கு மட்டும் ரொம்பப் பெரிசு. வளையைத் தோண்டியது அவர்தான். நாள் முழுக்க மணலை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் தன் மீசையால் வாட்ச்மேனின் வாலைத் தொட்டபடியே வேலை செய்வார். ஆபத்து வந்தால் வாட்ச்மேன் வாலை ஆட்டுவான். உடனே இருவரும் உள்ளே ஓடிவிடுவார்கள்.

மேஸ்திரியைப் பார்த்தது குண்டூசி மட்டும்தான். அவரை யாரும் வாங்கிவரவில்லை. ஏதோ ஒரு பாறைக்குள் ஒளிந்துகொண்டு, கூப்பிடாத விருந்தாளியாக வந்துவிட்டவர் அவர். முக்காலி உயரத்தில் உட்கார்ந்தால்தான் அந்த வளை தெரியும். பெரியவர்கள் எங்கே முக்காலியில் உட்காருகிறார்கள்?

"அம்மா, உள்ளே ஒரு மேஸ்திரி இருக்காரு" என்று அவள் ஒருமுறை சொன்னாள்.

"அப்படியா கண்ணு? சாப்பிட்டாரா?" என்று கேட்டுவிட்டு, அம்மா அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

மருத்துவமனைக்கு இன்று விடுமுறை; அம்மாவும் உதவிக்கு நின்றார். தொட்டிகளைப் பராமரிக்கும் அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். புதுத் தொட்டிக்கான உப்புத் தண்ணீரை நேற்றே கலக்கிச் சூடேற்றி வைத்திருந்தார்.

"முதல்ல பவளம், அப்புறம் பாறை, கடைசியா மீன். யாரும் விட்டுப்போகக் கூடாது. குண்டூசி, நீதான் கணக்குப்பிள்ளை" என்று ஒரு காகிதத்தை அவளிடம் நீட்டினார். அதில் ஒன்பது மீன்களின் பெயர்களும் இருந்தன.

குண்டூசி கண்ணும் கருத்துமாக வேலையில் இறங்கினாள். பவளங்கள் ஒரு பெரிய டப்பில் இறங்கின. பாறைகள் ஒவ்வொன்றாகத் தூக்கப்பட்டன. பாறை எழுந்ததும் மணல் சரிந்து வளை மூடிக்கொண்டது. தண்ணீர் கலங்கியது. கடைசியாக மீன்கள் வலையில் வந்தன. அவள் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு டிக் போட்டாள்.

"ஒன்பது! எல்லாரும் வந்தாச்சு!" என்று கத்தினாள்.

"அப்போ பழைய மணலை வாரிடலாம். அதுல அழுக்கு ஊறியிருக்கும். புதுத் தொட்டிக்கு ஆகாது" என்றார் அண்ணன். மணல் ஆறு வாளிகளில் நிரம்பிப் பின்வாசலுக்குப் போனது. நாலு மணிக்குக் குப்பை வண்டி வரும்.

புது மணல் பரப்பிய புதுத் தொட்டியில் பாறைகள் ஏறின. பாறைகள் ஏறின. மீன்களும் மெல்ல இறங்கின. எட்டு மீன்கள் புது வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டன. வாட்ச்மேன் மட்டும் ஒரு மூலையில் அசையாமல் நின்றான். வாலைப் பின்னால் நீட்டி நீட்டிப் பார்த்தான். அந்த வாலைத் தொட அங்கே யாரும் இல்லை.

குண்டூசி காகிதத்தைக் கீழே போட்டாள்.

"ஐயோ! மேஸ்திரி!"

"எந்த மேஸ்திரி?" என்றார் அண்ணன்.

அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். "பேரு லிஸ்ட்ல இல்லைன்னு நானே அவரை மறந்துட்டேன்ணா! எல்லாரும் வந்தாச்சுன்னு கத்தினதும் நான்தான்!"

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால். "ஆறு வாளி மண்ணும்மா. மண்வெட்டி போட்டா அடிபட்டுடும். கையால தேடினா நேரம் பத்தாது. எந்த வாளின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

குண்டூசி பின்வாசலுக்கு ஓடினாள். அம்மாவும் அண்ணனும் பின்னாலேயே ஓடினார்கள்.

அவள் முதல் வாளிக்கு முன்னால் மண்டியிட்டாள். 'பயந்தா மேஸ்திரி என்ன செய்வார்? ஓடுவார். ஓட இடமே இல்லைன்னா?' அது தெரியவில்லை. ஆனால் நிச்சயமாகச் சும்மா இருக்க மாட்டார். அவர் சும்மா இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"அண்ணா, பழைய தண்ணி கொஞ்சம் குடுங்க. தண்ணி பட்டா அவர் அசைவாரு. யாரும் பேசாதீங்க."

ஒவ்வொரு வாளியிலும் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டாள். முதல் வாளி, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதில் அவள் வயிறுதான் சத்தம் போட்டது. மதியம் யாரும் சாப்பிடவே இல்லை. நான்காவதும் மௌனம்.

ஐந்தாவது வாளியில் தண்ணீர் இறங்கியது.

'டக்!'

அம்மா துள்ளிக் குதித்தார். "கண்ணாடி! கண்ணாடி உடையுது!"

"இங்கே ஏதும்மா கண்ணாடி? இது பிளாஸ்டிக் வாளி" என்றாள் குண்டூசி.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ இத்தனை நாளும் டக்கு டக்குன்னது..." என்று இழுத்தார் அம்மா.

"மேஸ்திரி அந்தப் பெரிய கொடுக்கைச் சொடுக்குற சத்தம்!" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

அதற்கப்புறம் அம்மா சும்மா நிற்கவில்லை. பல் பார்க்கும் அறைக்கு ஓடி, பெரிய தட்டு ஒன்றும் மூன்று கரண்டிகளும் கொண்டுவந்தார். மூவரும் தரையில் உட்கார்ந்து மணலைக் கரண்டி கரண்டியாகத் தட்டில் பரப்பினார்கள். பாதி வாளி காலியானபோது மணல் அசைந்தது. முதலில் ஒரு மீசை வந்தது. பிறகு அந்தப் பெரிய கொடுக்கு.

"மெதுவா, மெதுவா" என்று அம்மா கிசுகிசுத்தார்.

உயிரோடுதான் இருந்தார். குண்டூசிக்கு அப்போதுதான் அழுகை வந்தது, நிம்மதியில். தூரத்தில் குப்பை வண்டியின் மணியும் கேட்டது.

மேஸ்திரியை உடனே புதுத் தண்ணீரில் விட அண்ணன் சம்மதிக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் வைத்து, புதுத் தண்ணீரைத் துளித் துளியாகச் சேர்த்துப் பழக்கினார். முழுசாக ஒரு மணி நேரம். குண்டூசி கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை. பிறகு வாட்ச்மேன் நின்ற மூலையிலேயே அவரை மெல்ல இறக்கினார்கள்.

மேஸ்திரி மீசையை நீட்டி அங்கும் இங்கும் தடவினார். வாட்ச்மேன் விருட்டென்று வந்து, அவருக்கு முன்னால் வாலைக் காட்டி நின்றான். மீசை வாலைத் தொட்டது. அவ்வளவுதான். அடுத்த நிமிடமே ஒரு கொடுக்கு மணல் வெளியே வந்து விழுந்தது.

"வந்ததும் வராததுமா வேலையைப் பாருங்க!" என்றார் அண்ணன். பிறகு குண்டூசியின் பக்கம் திரும்பினார். "ரொம்ப நன்றிம்மா. நான் இத்தனை தொட்டி மாத்தியிருக்கேன். இன்னைக்கு நீ இல்லைன்னா ஒரு உயிரைக் குப்பையில போட்டிருப்பேன்."

அம்மா முக்காலியில் உட்கார்ந்து, முதல்முறையாக அந்த மூலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அவர் சத்தம் போட்டதாலதானே நான் பயந்து பெரிய தொட்டி வாங்கினேன்? எல்லாருக்கும் வீடு வாங்கிக்குடுத்த மனுஷனையே விட்டுட்டு வரப் பார்த்தோமே!" என்றவர் மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். "நீ அன்னைக்குச் சொன்னப்ப நான் காது குடுத்துக் கேட்டிருக்கணும் கண்ணு."

குண்டூசி காகிதத்தை எடுத்தாள். ஒன்பது பெயர்களுக்கும் மேலே, கொட்டை எழுத்தில் 'மேஸ்திரி' என்று எழுதி, பெரிதாக ஒரு டிக் போட்டாள்.

மறுநாள் காலை, முதல் நோயாளி நாற்காலியில் சாய்ந்தார். வெளியே 'டக்!' என்றது. அவர் திடுக்கிட்டு எழுந்தார்.

"என்ன டாக்டர், ஏதோ உடையுற மாதிரி சத்தம் கேக்குது?"

"ஒண்ணும் உடையலைங்க" என்றார் அம்மா. "எங்க மேஸ்திரி வேலையை ஆரம்பிச்சுட்டார். நீங்க வாயைத் திறங்க, நாமும் ஆரம்பிப்போம்."